மடை திறந்து விடுகிறவர்களுக்கு ஒரு மடல்

காட்டிலும் மலையிலும் நடைபாதைகளைப் போட்டுப் பராமரிக்கும் நியூயார்க் – நியூ ஜெர்சி டிரெயில் கான்ஃபரன்ஸில் வேலை பார்ப்பவர்களுக்கும் தொண்டர்களுக்கும் வணக்கம்.

நான் நியூ ஜெர்சியில் குடியிருக்கும் தமிழன். சனி, ஞாயிறு வந்தால் ஹாரிமன், பேர் மவுண்டன், சன்ஃபிஷ் குளம் என்று மலையேறக் குடும்பத்தோடு கிளம்பிவிடும் கூட்டத்தில் ஒருவன். எலுமிச்சை சாதம் மணக்க, சத்தமாகப் பேசிக்கொண்டு ஏறுகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது நாங்கள்தான். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அதற்கு முன் நன்றி.

1920இல் தொடங்கியது உங்கள் அமைப்பு. ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை 2,190 மைலுக்கு மேல் போகும் அப்பலாச்சியன் நடைபாதையின் முதல் துண்டு 1923இல் திறந்தது உங்கள் பேர் மவுண்டன் பக்கம்தான். அவ்வளவு காலமாக மிதிபட்டதில் அந்த மலைப்பாதை அரித்துப்போனது. இன்று அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட கருங்கல் படிகள். பாறையில் வரிசையாகத் துளை போட்டு, ஆப்பு இறக்கி அடித்துப் பிளந்து, மரங்களுக்கிடையே இழுத்துக் கட்டிய இரும்பு வடத்தில் தொங்கவிட்டு நகர்த்திய கற்கள். மூச்சு வாங்க ஏறும்போது "படி அருமையாப் போட்டிருக்காங்க" என்கிறோம். யார் போட்டார்கள் என்று கேட்பதில்லை. அரசாங்கம் போட்டிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம், வேறென்ன!

படியாவது கண்ணில் படுகிறது. பாதைக்குக் குறுக்கே சாய்வாகப் பதித்திருக்கும் கட்டையையும் கல்லையும் எங்களில் எத்தனை பேர் கவனித்திருப்போம்? தாண்டிக்கொண்டே போய்விடுகிறோம். போன இலையுதிர் காலத்தில் ஸ்டோக்ஸ் காட்டுக்கு என் மாமனாரைக் கூட்டிப் போயிருந்தேன். கீழ்பவானிப் பாசனத்தில் நெல்லும் மஞ்சளும் போட்டு வளர்ந்த கை அவருடையது. அப்படி ஒரு கட்டையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "பாருங்க மாப்ளே, தண்ணிய எப்படி வெட்டி உட்டிருக்காங்கன்னு. மடை அடைச்சுக் கெடக்குதுங்க." குச்சி ஒன்றை எடுத்து, கட்டைக்கு மேல்புறம் அப்பியிருந்த ஓக் இலைகளையும் வண்டலையும் வாரிப் போட ஆரம்பித்தார். அடைத்தால் தண்ணீர் வெளியே போகாது, பாதை வழியே ஓடி அறுத்துவிடும். சேறானால் ஜனங்கள் ஓரமாக நடப்பார்கள், ஒற்றையடிப் பாதை வண்டிப்பாதை ஆகிவிடும். இதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஒரு தொண்டருக்கு ஒரு துண்டுப் பாதை என்று நீங்கள் பிரித்துக் கொடுத்து, ஆண்டுக்கு இரண்டு முறையாவது போய்ப் பார்த்துச் செய்யச் சொல்லும் வேலையில் முக்கால்வாசி இதுதானே?

இவரைப் போல எத்தனையோ பேர் வருஷாவருஷம் இங்கே வருகிறார்கள். பிள்ளைகள் வேலைக்குப் போனதும் எடிசனிலும் பிஸ்கேட்டவேயிலும் வீட்டுக்குள் டிவி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கார் ஓட்டத் தெரியாது, இங்கிலீஷ் பிடிபடாது. ஆனால் வரப்பு கட்டவும் வாய்க்கால் தூர்வாரவும் கல் வைத்துக் கரை எடுக்கவும் தெரிந்தவர்கள் அதில் நிறைய.

என் கோரிக்கை இதுதான்: வார நாளில் அரைநாள் வேலைக்கு இவர்களைக் கூப்பிடுங்கள். பிரிட்ஜ்வாட்டர் கோயிலிலும் ஓக் ட்ரீ ரோட்டு மளிகைக் கடைகளிலும் தமிழ், தெலுங்கு, குஜராத்தியில் ஒரு நோட்டீஸ் ஒட்டுங்கள். இணையத்தில் பதிவு செய், மின்னஞ்சலுக்குக் காத்திரு என்றால் ஒருவரும் வரமாட்டார்கள். கோயில் வாசலில் வேன் நின்றால் வருவார்கள். படியில் பாறை புரட்டும் வேலை வேண்டாம், அது உங்கள் பயிற்சி பெற்ற ஆட்களுக்கு. இலை வாருவது, மடை திறப்பது, செடி வெட்டுவது போதும். விருந்தினர் விசாவில் வந்தவர் கூலியில்லாமல் இப்படிச் செய்யலாமா என்பதை உங்கள் வழக்கறிஞரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சொல்லாமல் விட்டால் எங்கள் ஆட்கள் பயத்திலேயே வரமாட்டார்கள்.

உங்களுக்கு இருக்கிற வேலையில் இது இன்னொரு சுமை என்று தெரியும். பாலம் கட்டக் காசு தருகிறவர் மடை தூர்வாரத் தரமாட்டார். அதனால் ஒரு பங்கை நான் எடுத்துக்கொள்கிறேன். உண்ணிக் கடி, கரடி, வெயில் பற்றிய உங்கள் பாதுகாப்புக் குறிப்புகளைத் தமிழில் எழுதித் தருகிறேன். முதல் சில தடவை கூடவே வந்து பேச்சுத்துணையாகவும் நிற்கிறேன். மாமனார் மே மாதம் மறுபடி வருகிறார், அக்டோபரில் திரும்பிவிடுவார். தேதியை அதற்குள் வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பாதையில் நடக்கும் ஒருவன்