கழுகை விடுங்கள், பனையைப் பாருங்கள்

நெல்லை, தூத்துக்குடி வட்டார ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கு,

தோத்திரம்.

மே மாதம் வந்தால், வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) முடிந்த கையோடு பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி மிஷனெரிகள் வாழ்ந்த ஊர்களைச் சுற்றிக் காட்டுவது நம் சபைகளில் வழக்கமாகிவிட்டது. நானும் பன்னிரண்டு வருஷம் ஞாயிறு பள்ளி எடுத்தவள்தான். போன வருஷம் சாப்பாட்டுப் பொறுப்புக்காக எங்கள் சேகரத்து (ஒரே போதகரின் கீழுள்ள சபைகளின்) பஸ்ஸில் கூடவே போனேன். அன்றைக்குப் பார்த்ததை வைத்து உங்களிடம் ஒன்று கேட்கவேண்டியிருக்கிறது.

பஸ் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே, ஏசாயா தீர்க்கதரிசியின் 'கழுகுகளைப்போலச் செட்டைகளை அடித்து எழும்புவார்கள்' என்ற வசனத்துக்காக மைக்கில் கழுகுக் கதை ஆரம்பித்தது. உங்களுக்கும் மனப்பாடமாக இருக்கும். கழுகு நாற்பது வயதில் மலையுச்சிக்குப் போகுமாம், அலகைப் பாறையில் மோதி உடைக்குமாம், நகத்தையும் இறகையும் பிடுங்கிப் போடுமாம், ஐந்து மாதத்தில் எல்லாம் புதிதாக முளைத்து இன்னும் முப்பது வருஷம் வாழுமாம். பக்கத்தில் இருந்த என் தங்கை மகள் ஒன்பதாம் வகுப்பு. மெதுவாகக் கேட்டாள்: "பெரியம்மா, அலகு இல்லாம அஞ்சு மாசம் அது என்னத்தைத் திங்கும்?"

எனக்குப் பதில் இல்லை. இதே கதையை எத்தனை வருஷம் நானே சொல்லியிருக்கிறேன்! அலகு போன பறவை பட்டினியில் செத்துப்போகும், அவ்வளவுதான். கழுகின் அலகு தேயத் தேய வளர்ந்துகொண்டே இருக்கும். இறகுகள் சில சிலவாக உதிர்ந்து முளைக்கும். காட்டில் நாற்பது வயதைத் தொடும் கழுகே அபூர்வம். இன்றைக்கு நம்மிடம் அதைக் கேட்ட பிள்ளை, இரண்டு வருஷம் கழித்து விலங்கியல் புத்தகத்தைத் திறக்கும்போது கழுகோடு ஏசாயாவையும் சேர்த்து மூடி வைத்துவிடாதா?

இத்தனைக்கும் ஏசாயாவுக்கு அந்தக் கதை தேவையே இல்லை. "கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்களோ புதுப்பெலன் அடைந்து" என்றுதான் அந்த வசனம் தொடங்குகிறது. நம் ஊர்க் குளத்துக்கு மேலே வட்டமடிக்கும் பருந்தைக் காட்டியிருந்தால் போதும். தரை சூடேறி வெப்பக்காற்று மேலே கிளம்பும்வரை அது பெரும்பாலும் காலையில் கிளையிலேயே உட்கார்ந்திருக்கும். காற்று எழும்பியதும் அதில் ஏறிக்கொள்ளும். அப்புறம் சிறகை விரித்துப் பிடித்தாலே போதும், காற்று தூக்கிக்கொண்டு போகும். காத்திருப்பு என்றால் என்ன என்று இதைவிட எப்படிச் சொல்வது? ஆனால் நம் பஸ்ஸில் ஏசிக்காக ஜன்னல் திரையை இழுத்துவிட்டு டிவி ஓடிக்கொண்டிருந்தது.

நம் ஆண்டவர் "ஆகாயத்துப் பட்சிகளைக் கவனித்துப்பாருங்கள்" என்றார், "காட்டுப்புஷ்பங்கள் எப்படி வளருகிறதென்று கவனித்துப்பாருங்கள்" என்றார். முதலில் பார்க்கச் சொன்னார், பாடம் அதற்குப் பிறகுதான். நாம் அதைத் தலைகீழாக்கி விட்டோம். பாடத்தை முதலில் எழுதிவைத்துக்கொண்டு அதற்குத் தோதாக ஒரு பறவையைத் தேடுகிறோம். கிடைக்காவிட்டால் இருக்கிற பறவையின் அலகை உடைக்கிறோம்.

மெஞ்ஞானபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால், தேரிக்காட்டுச் செம்மண் ஓரத்தில், டிரைவர் பதநீருக்காக நிறுத்தினார். திட்டத்தில் இல்லாத நிறுத்தம். என்னைக் கேட்டால் அந்தப் பயணமே அந்த முக்கால் மணி நேரம்தான். பிள்ளைகள் ஓலைப்பட்டையில் பதநீர் வாங்கிக் குடித்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தார்கள். இறங்கி வந்த பனையேறி பெரியவரைச் சுற்றிக்கொண்டு கேள்வி மேல் கேள்வி. பாளையை (பனம்பூக் குலையை) மரக் கடிப்பால் நசுக்கிப் பக்குவப்படுத்த வேண்டும், தினமும் நுனியை மெல்லிசாகச் சீவ வேண்டும், நாள் தப்பினால் பாளை காய்ந்து ஊறல் நின்றுவிடும் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். கலயத்துக்குள் எதற்குச் சுண்ணாம்பு என்று ஒருவன் கேட்டான். "அது இருந்தா பதநீர், இல்லாட்டி கள்ளு மக்கா" என்றார்.

பிரசங்கம் கையிலே வந்து விழுந்துவிட்டது என்று நானே ஒரு நிமிஷம் துள்ளினேன். ஒரே மரம், ஒரே சாறு, சுண்ணாம்பு மட்டும் வித்தியாசம். அதற்குள் ஒரு சின்னப் பெண், "தாத்தா, மேலேருந்து விழுந்துட்டா?" என்று கேட்டுவிட்டாள். அவர் அரிவாளைத் துடைத்துக்கொண்டே, "எங்க அண்ணன் விழுந்தான்" என்றார். அவ்வளவுதான். யாரும் பேசவில்லை. சுண்ணாம்புப் பிரசங்கத்தை நானும் விழுங்கிவிட்டேன். அங்கே ஓர் ஆசிரியர் முந்திக்கொண்டு வசனம் சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். நல்லவேளை, எல்லோரும் சும்மா நின்றோம்.

வசனம் திரும்ப பஸ்ஸில் ஏறிய பிறகு தானாக வந்தது. "நீதிமான் பனையைப்போல் செழித்து" என்று ஒரு பையன் 92ஆம் சங்கீதத்தைச் சொன்னான். மூலத்தில் அது பேரீச்சை. ஏலிமில் இருந்த எழுபது மரங்களை நம் வேதாகமம் பேரீச்சமரங்கள் என்றே சொல்கிறது. சங்கீதத்திலோ பனை வந்து நிற்கிறது. ஏசாயாவில் மலைநாட்டு வெண்பனிக்கு 'உறைந்த மழை' என்று வருவதும் அப்படித்தான். பனி என்றால் நமக்கு மார்கழி விடியல்தானே! மொழிபெயர்த்தவர்கள்கூட நம் ஊரைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அதைக் கற்றுக்கொடுக்கிற நாம் பனிச்சறுக்கும் ஓக் மரமும் உள்ள பாடப்புத்தகத்தைப் பிரதியெடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்தப் பக்கத்துச் சபைகள் பலவும் பனையேறிக் குடும்பங்களால் எழும்பியவை. அந்தப் பெரியவர் முன்னால் நின்ற பிள்ளைகளில் பாதிப் பேருடைய பூட்டன்மார் பனையேற அதே தளைநாரைக் காலில் மாட்டியவர்கள். நாம் அதைப் பிள்ளைகளிடம் சொல்வதில்லை. ஏன் என்று நமக்குத் தெரியும்.

இடையன்குடியைப் பற்றி நீட்ட மாட்டேன். மிஷனெரி கால்டுவெல் அங்குள்ள கோவிலை எழுப்ப முப்பத்துமூன்று வருஷம் ஆனது, பிரதிஷ்டை 1880இல். நாம் இருபது நிமிஷத்தில் பார்த்து முடித்தோம். அதில் பன்னிரண்டு நிமிஷம் குரூப் போட்டோ.

டோனாவூரிலும் அவசரம்தான். அங்கே பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனெரி எமி கார்மைக்கேல் 1951இல் இறந்தார். தமக்குக் கல்லறைக் கல் வைக்கக்கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார். அவர் வளர்த்த பிள்ளைகள் அந்த இடத்தில் பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டியை வைத்து, அவரைத் தாங்கள் கூப்பிட்ட 'அம்மா' என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் அதில் பொறித்தார்கள். இதை எப்படி விளக்குவது? விளக்கவே வேண்டாம். பிள்ளைகளை அங்கே பத்து நிமிஷம் பேசாமல் நிற்க விடுங்கள்.

ஆகவே, இந்த வருஷத் திட்டத்துக்கு என் விண்ணப்பம் இதுதான். ஏழு ஊரை மூன்றாகக் குறையுங்கள். பஸ்ஸில் டிவி வேண்டாம், திரையும் வேண்டாம். பிள்ளைகள் ஒன்றைப் பார்த்து வாய் திறக்கும்வரை நீங்கள் மைக்கை எடுக்காதீர்கள். தெரியாததைக் கேட்டால், "தெரியலை, வா கேப்போம்" என்று சொல்லுங்கள். கழுகுக் கதையைப் பாடக்குறிப்பிலிருந்து அடித்துவிடுங்கள்.

அப்புறம், பஸ் காலை ஐந்தரைக்கே கிளம்பட்டும். வெயில் ஏறினால் பதநீர் கருப்பட்டிக்குக் காய்ச்சப் போய்விடும். இட்லியும் மிளகாய்ப்பொடியும் என் பொறுப்பு.

இப்படிக்கு,
உங்களில் ஒருத்தியாக இருந்த பழைய ஆசிரியை