கீரை ஆய்ந்து கொடுத்த கைகளுக்கு

அன்புடையீர்,

வணக்கம். நம் வாரச் சந்தை தொடங்கி ஓராண்டு நிறைந்துவிட்டது. பக்கத்தில் விளைவதைப் பக்கத்தில் இருப்பவர்களே வாங்கிச் சாப்பிட வேண்டும், வீட்டுச் சாப்பாட்டில் காய்க்கும் கீரைக்கும் பழத்துக்கும் இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்க வேண்டும் என்று கூடினோம். இந்த ஓராண்டில் யார் யார் தோள் கொடுத்தார்கள் என்பதை எழுதி வைக்காவிட்டால் எனக்கு மனம் ஆறாது.

முதல் நன்றி ஒரு கேள்விக்கு. சந்தை தொடங்கி இரண்டாம் மாதம். ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் சாப்பிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தோம். அதற்கு நேர் கீழே கீரைக்கட்டுகள் விற்காமல் வாடிக்கொண்டிருந்தன. வேலை முடிந்து, இடுப்பில் குழந்தையோடு வந்த ஒரு பெண் ஒரு கட்டை எடுத்தார், புரட்டிப் பார்த்தார், திரும்ப வைத்துவிட்டார். "நல்ல கீரைதான். வீட்டுக்குப் போய் இதை யார் உட்கார்ந்து ஆய்வது?" என்றார். மாதக்கணக்கில் கூட்டம் போட்டுப் பேசிய எங்களில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி அது. கீரை உடம்புக்கு நல்லது என்பது அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அவரிடம் இல்லாதது அந்த அரைமணி நேரம். அந்தச் சகோதரி இந்த மடலைப் படிப்பாரா என்று தெரியவில்லை. படித்தால், எங்கள் நன்றி முதலில் அவருக்குப் போய்ச் சேரட்டும்.

அந்தக் கேள்வியைக் காதில் வாங்கிக்கொண்டவர்கள், மர நிழலில் பேசிக்கொண்டிருந்த பெரியவர்கள். அடுத்த வாரமே ஏழு பேர் ஆளுக்கொரு தட்டோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் அழைக்கவில்லை. கட்டைப் பிரித்து உதறி, பழுத்த இலையையும் புல்லையும் ஒதுக்கி, தண்டை நகத்தால் கிள்ளிப் பார்த்து, ஒடிகிற இடம் வரை சேர்த்து, நாராக இழுபடுவதைத் தள்ளி, பேச்சு ஒரு பக்கம் நடக்க விரல்கள் தம் வேலையைப் பார்த்துக்கொண்டே இருந்தன. அவர்களில் ஒரு தாத்தா, வாழ்நாள் முழுக்க அலுவலகம் தவிர வேறொன்றும் அறியாதவர். முதல் வாரம் அவர் தட்டில் தண்டுதான் அதிகம். பக்கத்தில் இருந்த பாட்டி ஒன்றும் சொல்லாமல் அதைத் தன் பக்கம் இழுத்து மறுபடி ஆய்ந்தார். இரண்டு மாதம் கழித்து அதே தாத்தா புதிதாக வந்தவர்களுக்குக் கிள்ளக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆய்ந்த கீரை வைத்ததிலிருந்து எங்கள் கூடையில் ஒரு கட்டுகூட மீந்து வாடியதில்லை.

அதற்குத் தக்க கீரையைக் கொண்டுவந்து சேர்த்த விவசாயிகளையும் சொல்ல வேண்டும். பறித்த நேரத்திலிருந்தே கீரையின் உயிர்ச்சத்துகள் குறையத் தொடங்கிவிடும் என்பதால், சந்தை நாளன்று பறித்து, ஈரச் சாக்கு போர்த்தி அன்றே கொண்டுவந்தீர்கள். மழையில் பாத்தி முழுகிய வாரத்திலும், மிஞ்சியது இவ்வளவுதான் என்று அரைக்கூடையோடு வந்த அண்ணனை மறக்க முடியாது.

செவிலியர் அக்கா, நீங்கள் மேடை ஏறிப் பேசவில்லை. கீரை வாங்க வந்தவர்களிடம் நின்று நின்று சொன்னீர்கள்: கழுவிவிட்டு நறுக்குங்கள், நறுக்கிக் கழுவினால் சத்து தண்ணீரோடு போய்விடும், எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டால் கீரையில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும், சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது குறையும். எங்கள் சுவரொட்டிகளைவிட இந்த மூன்று வாக்கியங்கள்தாம் அடுக்களை வரை போயின.

பள்ளிச் சமையலறை அம்மாவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அவரைக்காயைக் கண்டாலே ஒரு சிறுவன் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்குவான். நீங்கள் திட்டவுமில்லை, ஊட்டவுமில்லை. வாராவாரம் இரண்டே இரண்டு துண்டு வைத்தீர்கள். புது ருசி பழக ஒரு குழந்தைக்குப் பத்து முறைகூட ஆகலாம் என்பதைப் பொறுமையாக நம்பினீர்கள். ஒரு நாள் தட்டின் ஓரம் காலியாக இருந்தது. அதை யாரிடமும் சொல்லிக் கொண்டாடாமல் நீங்கள் அடுத்த தட்டுக்குப் பரிமாறப் போனதை நான் வாசலில் நின்று பார்த்தேன்.

இடம் கொடுத்தவருக்கும், கூலி வாங்காமல் வண்டி ஓட்டிய தம்பிகளுக்கும், ஆய்ந்து மிஞ்சிய தண்டையும் இலையையும் எடுத்துப்போய் உரமாக்கித் திருப்பித் தந்தவர்களுக்கும், இருட்டிய பிறகு இருந்து கூட்டிப் பெருக்கிய எல்லாருக்கும் எங்கள் வணக்கம்.

கடைசியாக ஒரு செய்தி. தாத்தாவின் தட்டைத் தன் பக்கம் இழுத்த அந்தப் பாட்டி, மகள் வீட்டோடு இருக்கப் போய்விட்டார். ஓரத்தில் பெயர் பொறித்த அவருடைய தட்டு எங்களிடமே இருக்கிறது. பாட்டி, அதை யாரும் எடுத்துப் புழங்கவில்லை; துடைத்து வைத்திருக்கிறோம். எப்போது வந்தாலும் உங்கள் இடத்தில் உட்காரலாம்.

நன்றியுடன்,
சந்தைக் குழுவினர் சார்பில்