லீசலிடம் கேட்டவர்கள்

அன்புள்ள கயல்,

நீ இங்கே விட்டுவிட்டுப் போன ‘தி புக் தீஃப்’ நாவலை ஒருவழியாகப் படித்து முடித்துவிட்டேன். சாவே கதை சொல்கிறது என்று நீ சொன்னபோது பயமாக இருந்தது. பத்துப் பக்கத்தில் பழகிவிட்டது.

ஹிட்லர் காலத்து ஜெர்மனியில் நடக்கிற அந்தக் கதையில், சிறுமி லீசலை ஆளாக்கியது அவள் வளர்ப்பு அப்பா ஹான்ஸ்தான் என்று போனில் அடித்துச் சொன்னாய். பாதி சரி. 1939 ஜனவரியில், தம்பியை ரயிலிலேயே பறிகொடுத்துவிட்டு வந்த பிள்ளை ராத்திரி அலறி எழும்போதெல்லாம் பக்கத்தில் இருந்தவர் அவர். நிலவறைச் சுவரில் பெயிண்டால் எழுதிப் படிக்க வைத்தவரும் அவர்தான். ஆனால் என் மனதில் நின்றது அவர் அவளை அறைந்த இடம். அம்மாவைக் கொண்டுபோனது யாரென்று புரிந்த அன்றைக்கு, தேவாலயப் படியில் உட்கார்ந்து, ஹிட்லரை வெறுக்கிறேன் என்கிறாள். அதட்டவே தெரியாத மனுஷன் கை ஓங்கிவிடுகிறார். வீட்டுக்குள் என்ன வேண்டுமானாலும் சொல், தெருவில் வாய் திறக்காதே என்கிறார். பதினோரு வயசுப் பிள்ளையிடம் கேட்கிற காரியமா அது? ஆனால் கேட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது.

எனக்கென்னவோ, கொடுத்தவர்களைவிட அவளிடம் ஏதாவது கேட்டவர்கள்தான் அவளை ஆளாக்கினார்கள் என்று படுகிறது. மாக்ஸைப் பார். ஹான்ஸ் வீட்டு நிலவறையில் ஒளிந்திருக்கும் யூதப் பையன். வெளியே வானம் எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்லச் சொல்கிறான், அவ்வளவுதான். மேலே ஓடிப் பார்த்துவிட்டு வந்து, மேகம் கயிறு மாதிரி நீண்டு கிடக்கிறது என்கிறாள். அவள் எழுத்துக்காரியானது அந்த ஓட்டத்தில்தான். வாசலில் தினமும் காறித் துப்பும் பக்கத்து வீட்டு ஹோல்ட்சாப்ஃபெல் அம்மாள்கூட, எனக்கு வந்து படித்துக் காட்டு என்றுதான் கேட்கிறாள்.

அப்புறம் ஹான்ஸின் மனைவி ரோசா. இவளும் வாய் ஓயாமல் வைகிறவள், அதனால்தான் அம்மா அவள் கட்சி என்று சிரிக்காதே. மாக்ஸ் நாள்கணக்காக நினைவில்லாமல் கிடக்கிறான். ரோசா பள்ளிக்கூடத்துக்கே வந்து லீசலை வகுப்புக்கு வெளியே கூப்பிட்டு, என் தலைவாரும் பிரஷ்ஷை எங்கே ஒளித்தாய் என்று ஊரே கேட்கக் கத்துகிறாள். கத்தலுக்கு நடுவே மெதுவாக, மாக்ஸ் கண் விழித்துவிட்டான் என்கிறாள். நான் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டேன். ஊருக்கே தெரிந்த தன் கெட்ட வாயை வைத்தே ஒரு உயிரை மறைக்கிறாளே! லீசலோ சந்தோஷத்தை விழுங்கிக்கொண்டு, திட்டு வாங்கின முகத்தோடு போய் வகுப்பில் உட்கார வேண்டும். யார் சொல்லிக் கொடுத்தும் வருகிற கெட்டிக்காரத்தனம் இல்லை அது.

லீசலின் தோழன் ரூடியைப் பற்றி எழுதப் போவதில்லை. அந்தப் பக்கங்களில் நான் மூக்கைச் சிந்துவதை அப்பா வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஒன்று மட்டும் எனக்குச் செரிக்கவில்லை. ரோசாவிடம் துவைக்கத் துணி தருவதை மேயர் மனைவி இல்சா நிறுத்திவிட்டாள் என்ற கோபத்தில், 1918-இல் செத்துப்போன மகனைச் சொல்லி அவள் வாசலிலேயே நின்று லீசல் பேசுகிறாளே, அந்தப் பேச்சு. அதைக் கேட்டவள்தான் பிற்பாடு வெற்று நோட்டைக் கொண்டுவந்து கொடுத்து, நீ எழுது என்கிறாள். குண்டு விழுந்த ராத்திரி அந்த நோட்டோடு நிலவறையில் இருந்ததால்தான் லீசல் பிழைத்தாள். இல்சாவின் இடத்தில் நான் இருந்திருந்தால் அவளை மறுபடி வாசலில் ஏற்றியிருப்பேனா, தெரியவில்லை. நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது.

அம்மா