தாழியில் தொடங்கு, அம்மிணி

அம்மிணிக்கு,

நீ அனுப்பிய பக்கங்களைப் படித்தேன். கதைக்கு நம் ஊர் மேய்ச்சல் நிலமான கொரங்காட்டை எடுத்துக்கொண்டது ரொம்ப நல்லது, கண்ணு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், போக வர ஒரே கடவு. கடவு யார் கையிலோ, காடு அவர் கையில். சர்வாதிகாரத்தைக் கதையாகச் சொல்ல இதைவிடத் தோதான இடம் வேண்டாம்.

ஆனால் கிடாயை முதல் பக்கத்திலேயே கொடுங்கோலனாக நிறுத்திவிட்டாய். படிக்கிறவர்கள் அதை உடனே வெறுத்துவிடுவார்கள். ஆடுகள் ஏன் பொறுத்துப் போயின என்று யோசிக்க மாட்டார்கள். ஆர்வெல்லின் 'விலங்குப் பண்ணை'யை மறுபடி எடுத்துப் பார். மனிதனை விரட்டிய பண்ணையில் பன்றிகள் ஆளத் தொடங்குகிற கதைதானே அது. தலைமைக்குப் போட்டியான ஸ்நோபால் என்ற பன்றியை நாய்கள் துரத்துவதெல்லாம் பிற்பாடு. அதற்கு வெகு முன்பே பாலும் ஆப்பிளும் பன்றிகளுக்கு மட்டும் என்று ஆகிவிடுகிறது. கதை திரும்புகிற இடம் அதுதான், மற்ற விலங்குகள் அப்போதே மறித்திருக்க வேண்டும் என்று 1946இல் ஒரு கடிதத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

உன் கதையில் அந்தப் பால், தாழித் தண்ணீராக இருக்கட்டும். சித்திரை வெயில், தாழியில் பாதித் தண்ணீர். 'ராத்திரியெல்லாம் காவல் நிற்குது, முதல்ல கிடாய் குடிக்கட்டும்' என்று ஆடுகளே சொல்லட்டும். பத்து நாளில் அது வழக்கமாகட்டும். கொம்பை அதற்குப் பிறகு காட்டு.

அடுத்தது சட்டம். ஆர்வெல் கதையில் சட்டத்தை எடுத்த எடுப்பில் யாரும் அழிப்பதில்லை. கட்டிலில் படுக்கக் கூடாது என்று இருந்த கட்டளையில் 'விரிப்புடன்' என்று ஒரு சொல் சேர்கிறது, அவ்வளவுதான். 'கடவை யாரும் அடைக்கக் கூடாது' என்பதில் நீ 'பகலில்' என்று சேர். நரி பயம் இருப்பதால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அந்தச் சொல் முன்பே இருந்ததா என்று ஒரு கிழட்டு ஆடு அசைபோடுவதை நிறுத்திவிட்டு யோசிக்கிற நிமிஷத்துக்கு அரைப் பக்கம் கொடு. அவசரப்படாதே.

ஆடு ஆடாகவே இருக்க வேண்டும். உச்சி வெயிலில் செம்மறிகள் ஒன்றன் வயிற்று நிழலில் ஒன்று தலையை விட்டுக்கொண்டு, யார் முகமும் யாருக்கும் தெரியாமல் நிற்குமே, அதை எழுதினாலே போதும். 'பயந்துபோன மக்களைப் போல' என்று நீ எழுதியிருக்கும் வரியை அடித்துவிடு. வெள்ளாடு ஒன்றையும் சேர்த்துக்கொள். முன்னங்காலை வேலியில் ஊன்றி எட்டிப் பார்க்கிற பிராணி அது. கேள்வி கேட்க அதுதான் சரி.

கிடாய்க்கும் நியாயம் செய். ஸ்டாலினை மனதில் வைத்து ஆர்வெல் படைத்த பன்றித் தலைவன் நெப்போலியன். பண்ணையின் காற்றாலை வெடிக்கும்போது அவன் உட்பட எல்லா விலங்குகளும் குப்புற விழுந்தன என்றுதான் ஆர்வெல் முதலில் எழுதியிருந்தார். 1941இல் ஜெர்மன் படை நெருங்கியபோதும் ஸ்டாலின் மாஸ்கோவை விட்டுப் போகவில்லை என்பதால், அச்சுக்குப் போகுமுன் 'நெப்போலியனைத் தவிர' என்று திருத்தச் சொன்னார். ஆக, நரி வருகிற ராத்திரியில் உன் கிடாய் நிஜமாகவே எதிர்த்து நிற்கட்டும். தாழியில் முதல் வாய் அதற்கு என்று ஆடுகள் விட்டுக்கொடுத்தது அப்போதுதான் நம்பும்படி இருக்கும்.

தாழிக் காட்சியை மட்டும் முதலில் எழுதி அனுப்பு, சாமி. மற்றதைப் பிறகு பார்ப்போம்.

அப்பா