ஆடைத் தொழிற்சாலைத் தொழிலாளர் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், நாற்காலிகளில் பாதியையாவது நிரப்பியிருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மே தினத்தில் கொடியேற்றினோம். ஆயுத பூஜைக்கு வாங்கிய பொரியும் சுண்டலும் மிச்சமில்லை. பொங்கல் கோலப்போட்டியில் செக்கிங் பிரிவுப் பெண்கள் ஜெயித்தார்கள். செயற்குழுவை ஆறு முறை கூட்டினேன். இரண்டு முறை ஆள் சேராமல் கலைந்தோம்.

இனி, “சங்கக் காசை எய்ட்ஸுக்கு விட்டுட்டார்” என்று டீக்கடையில் ஓடும் பேச்சுக்கு வருகிறேன். என்னிடம் யாரும் நேரில் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எய்ட்ஸ் விழிப்புணர்வுக் கூட்டத்துக்கு, எய்ட்ஸ் கிருமியான எச்.ஐ.வி.க்கு ஆலோசனையும் பரிசோதனையும் தரும் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்திலிருந்து வந்த ஆலோசகர் ஒரு பைசா வாங்கவில்லை. செலவெல்லாம் டீ, வடை, நோட்டீஸ். ஓவர்லாக் தையல் பிரிவில் பாதிப் பேர் ஒடிசா, பீகார்க்காரர்கள் என்பதால் இந்தியிலும் அச்சடித்தோம்.

உலக எய்ட்ஸ் தினமான டிசம்பர் 1 ஞாயிறாகப் போனதால் முந்தின நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூட்டம் வைத்தோம். சனிக்கிழமை, சம்பள நாள். வந்தவர்கள் 19 பேர். செயற்குழுவில் நான் ஒருவன்தான்.

அதற்குப் பிறகுதான் பட்டன் வந்த அட்டைப்பெட்டியில் துளை போட்டு, பெயர் எழுதாமல் கேள்வி போடச் சொன்னேன். கேண்டீன் பக்கம் வைத்தபோது மிட்டாய்க் காகிதம்தான் விழுந்தது. கழிவறைக்குப் போகிற வழிக்கு மாற்றினேன், நிரம்பிவிட்டது. ஒரே டம்ளரில் குடித்தால் வருமா? கொசு கடித்தால்? இரண்டிலும் வராது என்றார் ஆலோசகர். ஆணுறை இல்லாத உறவு, கிருமியுள்ள ரத்தம், பலர் போட்டுக்கொண்ட ஊசி, தாயிடமிருந்து குழந்தைக்கு என்று வரும் வழிகளையும் சொன்னார்.

ஒரு சீட்டில், “எனக்கு இருக்கு. தெரிஞ்சா வேலை போயிடுமா?” என்றிருந்தது. எச்.ஐ.வி. உள்ளவர்களைக் காக்க 2018 செப்டம்பர் 10 முதல் சட்டம் அமலில் இருக்கிறது. எச்.ஐ.வி. இருப்பதற்காகப் பாரபட்சமாக வேலையை விட்டு எடுக்கக் கூடாது. வேலை தர ரத்தப் பரிசோதனை கேட்கக் கூடாது. கிருமியை அடக்கும் கூட்டு மருந்து அரசு ஆஸ்பத்திரிகளில் 2004 முதல் இலவசம். அதைத் தவறாமல் சாப்பிட்டு, பரிசோதனையில் கிருமி தென்படாத அளவுக்கு அடங்கிவிட்டால் உறவின் மூலம் பரவுவதில்லை. இதையெல்லாம் ஆலோசகர் நிதானமாகச் சொன்னார். அது யார் எழுதியது என்று இன்னும் என்னைத் துளைக்கிறவர்களுக்கு: அந்தச் சீட்டை அன்றைக்கே கிழித்துவிட்டேன்.

100 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் இதற்கெனப் புகார் அலுவலர் இருக்க வேண்டும் என்கிறது அதே சட்டம். நாம் அதற்கு மேலேயே இருக்கிறோம். நிர்வாகத்துக்கு இரண்டு கடிதம் கொடுத்தேன். “பார்க்கலாம்” என்றார்கள்.

வரவு செலவு விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. கையிருப்பு சொற்பம், கடன் என்று சொல்லும்படி பெரிதாக எதுவும் இல்லை. சந்தா மாதம் 20 ரூபாய். பேக்கிங் பிரிவு எட்டு மாதமாகத் தரவில்லை. கூட்டத்துக்கு வராதவர்கள்தான் கணக்கு கேட்பதில் முன்னால் நிற்கிறார்கள்.

தலைவர், பொருளாளர், கேண்டீன் நண்பர்கள் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பரிசோதனையை இங்கேயே நடத்தித் தர ஆலோசகர் சம்மதித்திருக்கிறார். விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும், முடிவு அவரவருக்கு மட்டும். மறைவாக உட்கார்ந்து பேச ஓர் அறை வேண்டும். இருப்பது சங்க அறை ஒன்றுதான், அதற்கும் இரண்டு மாத வாடகை பாக்கி. பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசலருகே உட்கார்ந்திருக்கிறார்.