2024–25 ஆண்டறிக்கை: பொதுக்குழுவில் செயலாளர் வாசித்தது

தலைவி அக்காவுக்கும் பொருளாளருக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம். அவர்களைப் பற்றிக் கொஞ்சம் பின்னால் பேசுகிறேன்.

நாமக்கல் மாவட்டத்தில் எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்களுக்கான நம் சங்கத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கை இது. இந்த ஆண்டு நம்மை விட்டுப் போன இரண்டு சகோதரிகளுக்காக ஒரு நிமிடம் எழுந்து நிற்போம். பெயரை வாசிக்க வேண்டாம் என்று வீட்டார் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை.

செயற்குழு ஆறு முறை கூடியது. டிசம்பர் 1 உலக எய்ட்ஸ் தின ஊர்வலத்தில் கலந்துகொண்டோம். தீபாவளிக்கு மளிகைப் பை கொடுத்தோம். விதவை உதவித்தொகைக்குச் சிலருக்கு மனு எழுதிக் கொடுத்தோம், சிலருக்குக் கிடைத்தது. குழந்தைகளுக்கு நோட்டுப் புத்தகம் வழங்கினோம்.

சரி, நம் நோய் பற்றிய ஆய்வுகளைப் படித்துப் பேசும் மூன்றாம் ஞாயிறு கூட்டத்துக்கு வருகிறேன். செயலாளர் சங்கத்தைக் காலேஜ் ஆக்கிவிட்டார் என்றும், ஜெராக்ஸ் கடைக்காரரை வாழவைக்கிறார் என்றும் பேச்சு என் காதுக்கு வந்தது. அதனால் இதை ஏன் ஆரம்பித்தேன் என்று விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். தலைவி அக்கா கைக்கடிகாரத்தைப் பார்ப்பது தெரிகிறது. பத்து நிமிடம் கொடுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஆய்வுக் குழு வந்தது ஞாபகம் இருக்கும். மூன்று நாள் உட்கார்ந்து, ஒவ்வொருவரிடமும் ஒன்றரை மணி நேரம் கேள்வி கேட்டார்கள். கடைசியாக எப்போது அழுதீர்கள், புருஷன் இறந்தபின் மாமியார் வீட்டில் தட்டு தனியாக வைத்தார்களா, மாத்திரையை எத்தனை நாள் விட்டீர்கள் என்றெல்லாம் கேட்டார்கள். கையெழுத்து வாங்கி, பிஸ்கட் பாக்கெட்டும் பஸ் காசும் கொடுத்துவிட்டுப் போனார்கள். முடிவு என்ன என்று நான் பலமுறை மெயில் அனுப்பினேன். இன்றுவரை பதில் இல்லை. நம் அழுகையை வைத்து யாரோ பட்டம் வாங்கியிருப்பார்கள். வாங்கட்டும், அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் நம்மைப் பற்றி என்ன கண்டுபிடித்தார்கள் என்பதை நமக்கு ஒரு பக்கம் தமிழில் எழுதிக் கொடுத்திருக்கலாம்.

இந்தியாவில் இந்த ஆராய்ச்சி தொடங்கியதே பெண்களின் ரத்தத்தில்தான். 1986-இல் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவியாக இருந்த நிர்மலா சென்னையில் பெண்களிடம் எடுத்த ரத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோதுதான் இந்த நாட்டில் கிருமி இருப்பதே தெரிய வந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அதனால் முடிவை யாராவது கொண்டுவந்து தருவார்கள் என்று காத்திருக்காமல், நாமே தேடிப் படிப்போம் என்று ஆரம்பித்ததுதான் இந்த மூன்றாம் ஞாயிறு. என் மகள் இங்கிலீஷில் படித்துச் சொல்வாள், நான் தமிழில் எழுதுவேன். சந்தேகம் வந்தால் நமக்கு மாத்திரை தரும் ஏ.ஆர்.டி. மையத்தின் கவுன்சிலரிடம் கேட்டுத் திருத்திக்கொள்வேன்.

முதல் கூட்டம் எடையைப் பற்றியது. இப்போது நாம் சாப்பிடுவது டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. அதற்கு மாறியபின் ஜாக்கெட் எல்லாம் இறுக்கமாகிவிட்டது என்று நம்மில் பலர் சொன்னோம். வாயைக் கட்டுங்கள் என்ற பதில்தான் கிடைத்தது. தென் ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2019-இல் வந்தது. அதில் டெனோஃபோவிரின் பழைய வடிவத்தோடு டொலுடெக்ராவிர் சாப்பிட்டவர்களுக்கு 48 வாரத்தில் சராசரி 3 கிலோ ஏறியது. பழைய மாத்திரையான எஃபாவிரென்ஸ் சாப்பிட்டவர்களுக்கு 2 கிலோகூட ஏறவில்லை. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் ஏறியது. இதைக் கேட்டதும் பரமத்தி அக்கா, "அப்ப நான் திங்கிற முட்டைனால இல்லைங்களா?" என்றார். கோழிப்பண்ணையில் வேலை செய்பவர் அவர். அன்றைக்கு இருந்த சிரிப்பு போல் நம் சங்கத்தில் அதற்குமுன் நான் கேட்டதில்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை என்பதை இங்கேயும் பதிவு செய்கிறேன். சர்க்கரையும் பிரஷரும் பார்த்துக்கொள்ளச் சொன்னேன், அவ்வளவுதான்.

அடுத்தது பழைய தலைசுற்றல் மாத்திரை, எஃபாவிரென்ஸ். ராத்திரி போட்டுப் படுத்தால் கனவில் செத்தவர்கள் எல்லாம் வருவார்கள் என்று அந்தக் காலத்தில் சொன்னோமே, அது. பேய் பிடித்தது என்று மந்திரிக்கக் கூட்டிப்போனவர்களும் இங்கே உண்டு. அமெரிக்காவில் நான்கு ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2014-இல் வெளியிட்டார்கள். எஃபாவிரென்ஸ் சாப்பிட்டவர்களுக்குத் தற்கொலை எண்ணமோ முயற்சியோ ஏற்படும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு என்று அதில் இருந்தது. இதை வாசித்தபோது யாரும் சிரிக்கவில்லை. நமக்குள் யாரை நினைத்தோம் என்று எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாவது, போட்ஸ்வானா நாட்டுக் கதை. 2018 மே மாதம், கருத்தரிக்கும்போதே டொலுடெக்ராவிர் சாப்பிட்டுக்கொண்டிருந்த 426 பெண்களில் 4 பேரின் குழந்தைக்கு மூளை, தண்டுவடக் குறைபாடு இருந்தது என்று செய்தி வந்தது. உடனே பல நாடுகளில், பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு இந்த நல்ல மாத்திரையே வேண்டாம் என்று தள்ளிவைத்தார்கள். அந்த ஜூலையில் ருவாண்டாவின் கிகாலியில் 18 நாடுகளிலிருந்து 39 எச்.ஐ.வி. பெண்கள் கூடினார்கள். ஆபத்து என்ன, நன்மை என்ன என்று எங்களிடம் சொல்லுங்கள், முடிவை நாங்கள் எடுக்கிறோம் என்று அறிக்கை விட்டார்கள். அடுத்த ஆண்டு கூடுதல் பிரசவங்களைக் கணக்கெடுத்தபோது அந்த வீதம் ஆயிரத்துக்கு மூன்றாகக் குறைந்தது. பிறகு அதற்கும் கீழே போனது. 2019 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் எல்லோருக்கும் கொடுக்கலாம் என்றது. 39 பேர்! நம் பதிவேட்டில் இருப்பவர்கள் அதைவிட அதிகம். அன்று கூட்டத்துக்கு வந்தவர்கள் 11 பேர்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் நமக்கு வரும் வாய்ப்பு மற்ற பெண்களைவிட ஆறு மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மற்றவர்களுக்கு 30 வயதில் ஆரம்பிக்கும் பரிசோதனையை நமக்கு 25-லேயே ஆரம்பிக்கச் சொல்கிறது. இதைச் சொல்லி எல்லோரையும் சேர்த்துக் கூட்டிப்போவது என்று முடிவானது. குறித்த நாளில் பஸ் ஸ்டாண்டில் நானும் தலைவி அக்காவும் மட்டும் நின்றோம். இருவரும் போய்ப் பார்த்துக்கொண்டு வந்தோம். வலிக்கவில்லை. அதற்குமேல் என்ன சொல்ல?

ஜூலை கூட்டத்தைப் பற்றிச் சொல்லத் தயக்கம்தான். சம்பந்தப்பட்டவர் சொல்லச் சொன்னதால் சொல்கிறேன். மனச்சோர்வைக் கண்டறிய உலகம் முழுக்கக் கேட்கும் ஒன்பது கேள்விகள் உண்டு. கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம் எப்படி, பசி எப்படி, எதிலும் ஈடுபாடு இருந்ததா என்று போகும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டரைப் பார்ப்பது நல்லது. ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதா என்பது. அதற்கு மட்டும் மதிப்பெண் எவ்வளவானாலும் கவனிக்க வேண்டும். நான் சத்தமாக வாசித்தேன், அவரவர் தாளில் அவரவர் குறித்துக்கொண்டார்கள். தாளை யாரிடமும் வாங்கவில்லை. ஒருவர் மட்டும் எல்லோரும் போனபின் உட்கார்ந்திருந்தார். மாத்திரை விட்டு 20 நாள் ஆகியிருந்தது. மறந்துவிட்டேன் என்றுதான் மையத்தில் சொல்லியிருக்கிறார். மறக்கவில்லை, எதற்குச் சாப்பிட வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. மறுநாள் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனோம். இப்போது இரண்டு மாத்திரையும் ஒழுங்காகச் சாப்பிடுகிறார். இன்று மூன்றாவது வரிசையில் இருக்கிறார்.

மனம் சோர்ந்தால் மாத்திரை விட்டுப்போகும், மாத்திரை விட்டால் வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் கிருமியின் அளவு, ஏறும். இதை எழுதாத ஆய்வு குறைவு. ஆந்திர கிராமங்களில் ஆஷா எனப்படும் கிராமச் சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிப்போய் நோயுற்ற பெண்களோடு உட்கார்ந்து பேசியதில், மருந்து எடுப்பது கூடியது, மனச்சோர்வு குறைந்தது என்று ஒரு ஆய்வு சொல்கிறது. வீட்டுக்கு ஒருவர் வந்து உட்கார்ந்து பேசினால் போதும் என்றால், அதை நாம் செய்ய முடியாதா என்று கேட்டேன். கை தூக்கியவர்கள் நால்வர். அவர்களுக்கு நன்றி.

இப்போது வராதவர்கள். கூலி போய்விடும், யாராவது பார்த்துவிடுவார்கள், பேரனுக்குக் காய்ச்சல். எல்லாம் உண்மைதான், நானும் அப்படித்தான் வாழ்கிறேன். ஆனால் மளிகைப் பை கொடுத்த அன்று மட்டும் யாரும் பார்க்காமல் எல்லோரும் வந்து சேர்ந்தது எப்படி என்று புரியவில்லை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதையும் நினைவூட்டுகிறேன். கொல்லிமலை அம்மிணிகளை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அவர்கள்தான் ஒரு கூட்டமும் தவறாமல் வந்தவர்கள்.

சந்தா மாதம் 20 ரூபாய். பாதிக்கு மேற்பட்டவர்கள் ஆறு மாதமாகக் கட்டவில்லை. சிலர் ஒரு வருடம். பெயர்ப் பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது, நான் வாசிக்கப் போவதில்லை.

வரவு செலவைப் பொருளாளர் தனியாகச் சொல்வார். சுருக்கமாகச் சொன்னால், வந்தது கொஞ்சம், போனது கொஞ்சம் கூடுதல். வித்தியாசத்தைப் போன வருட இருப்பிலிருந்து சரிக்கட்டினோம். ஜெராக்ஸ் செலவு 640 ரூபாய், ரசீது இருக்கிறது. அதில் பாதி என் கைக்காசு. அதற்கு ரசீது இல்லை.

மண்டபத்தைக் குறைந்த வாடகைக்குக் கொடுத்தவருக்கும், ஏ.ஆர்.டி. மையம், எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையம் ஊழியர்களுக்கும், டீ போட்டுத்தந்த தலைவி அக்காவின் மருமகளுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி. இன்னொரு ஆய்வுக் குழு வர அனுமதி கேட்டுக் கடிதம் போட்டிருக்கிறது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டப்படி, விவரம் தெரிந்து நாம் சம்மதிக்காமல் நம்மை வைத்து யாரும் ஆய்வு செய்ய முடியாது. வாருங்கள், ஆனால் முடிவைத் தமிழில் எழுதி இதே மண்டபத்தில் வந்து வாசிப்போம் என்று முதலில் கையெழுத்துப் போடுங்கள் எனப் பதில் எழுதியிருக்கிறேன். அதை இன்று தீர்மானமாக நிறைவேற்றித் தர வேண்டும்.

எனக்கும் நான்கு வருடம் ஆகிவிட்டது. வேறு யாராவது செயலாளராக வர விரும்பினால் நோட்டு, பேனா, மெயில் பாஸ்வேர்டு எல்லாவற்றையும் இன்றே ஒப்படைக்கத் தயார். யாரும் வரவில்லை என்றால், மண்டப வாடகைக்காவது வழி செய்யுங்கள். பொருளாளர் வாசல் பக்கம் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார். சாப்பாடு அந்த மேசையைத் தாண்டித்தான் இருக்கிறது.