தம்பிக்கு, கிளெட்சர் என்கிற பனியாற்றைப் பார்த்துவிட்டு வந்து எழுதுவது

அன்பு மகன்,

நானும் அம்மாவும் நல்ல சுகம். அம்மாவின் முழங்கால் நோ முன்னையை விடக் கொஞ்சம் பரவாயில்லை. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடத்தான் எழுதத் தொடங்கினேன். ஆனால் ஆடி மாதம் அம்மா அனுப்பிய பார்சல் போன கிழமை திரும்பி வந்துவிட்டது. மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும். பெட்டி உடைக்காமல் அப்படியே இருக்கிறது, மேலே ஏதோ ஒரு ஒட்டுத்தாள். தபால்காரன் வீட்டு இலக்கத்தைப் பிழையாகப் பார்த்திருப்பான் என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அதனால் தங்கச்சி இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். கையெழுத்து விளங்காவிட்டால் அவளையே கேள். உன்னைப் பற்றி நாங்கள் ஏதாவது கேட்டால் உடனே குசினிக்குள் போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கிவிடுகிறாள். அவள் பாத்திரம் கழுவுகிற ஆளா?

சரி, புதினம் சொல்கிறேன். நான் கிளெட்சருக்குப் போய் வந்தேன்.

சிரிப்பாய், தெரியும். 1985இல் இந்தச் சுவிஸ் நாட்டுக்கு வந்தவன். வெளிப்பான நாட்களில் பேர்ண் பாலத்தில் நின்றால் ஐகர், மோன்ஹ், யுங்ஃப்ராவ் மூன்று சிகரமும் வரிசையாகத் தெரியும். ஊரில் இருந்து வந்த அத்தனை பேரையும் யுங்ஃப்ராவ்யோஹ் ரயிலில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். 1912இலேயே மலையைக் குடைந்து 3454 மீற்றர் உயரத்துக்கு ரயில் விட்டவர்கள் என்று நானே கட்டினது போலப் பெருமையும் அடித்திருக்கிறேன். நான் ஏறினதில்லை. டிக்கெட் விலை ஒரு காரணம். ஞாயிற்றுக்கிழமையில் நான்தான் றெஸ்ரோறண்டில் பாத்திரம் கழுவ நிற்க வேண்டும் என்பது இன்னொன்று. பிறகு சமையலுக்கு மாறியும் ஞாயிறு மாறவில்லை.

இப்போது ஏன் போனேன் என்றால், வைகாசியில் நீ போட்ட படம். கனடாவில் ஒரு கிளெட்சர், அந்தாபாஸ்கா என்றோ அத்தபாஸ்கா என்றோ எழுதியிருந்தாய். நீலமும் சாம்பலுமாக ஐஸ், அதன்மேல் உன் நிழல் நீளமாக. அம்மா அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். யார் எடுத்தது என்று கேட்டாள். அவனேதான் எடுத்திருப்பான் என்றேன். கால் தடமும் ஒரு ஆளுடையதுதான் என்றாள். அதே கிழமை, வைகாசி 28, இங்கே லோட்ஷன்டாலில் பிளாட்டன் கிராமத்தின் மேல் கிளெட்சர் உடைந்து விழுந்தது. ஊரின் பெரும்பகுதி மண்ணுக்குள் போய்விட்டது. முந்நூறு பேர் வரையில் முன்கூட்டியே வெளியேற்றியபடியால் தப்பினார்கள், ஒரு மனிதர் மட்டும் அகப்பட்டுவிட்டார். அம்மா இரண்டு நாள் தொலைக்காட்சியை அணைக்கவே இல்லை. அது சுவிஸ், தம்பி இருப்பது கல்கரி என்று சொன்னால் ஐஸ் எங்கேயும் ஐஸ்தானே என்கிறாள். அதற்குப் பிறகு நீ படம் ஒன்றும் போடவில்லை. வைகாசி, ஆனி, ஆடி, ஆவணி. புரட்டாதியும் முடியப் போகிறது.

கோயில் ஆட்கள் சேர்ந்து ஒரு நாள் பயணம் ஒழுங்குபண்ணினார்கள், வழிகாட்டியோடு. முன்பென்றால் சாட்டுச் சொல்லியிருப்பேன். இந்த முறை முதல் பெயர் என்னுடையது. என் மகன் தனியாகப் போய் நிற்கிற இடத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க வேண்டும் போலிருந்தது.

காலை ஆறரைக்குக் கோயிலடியில் பஸ். கொக்குவில் மாமி இருபது பேருக்கு இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்திருந்தா. ஸானன், க்ஸ்டைக் தாண்டி கோல் டு பியோன் என்கிற இடத்தில் இறங்கினோம். அங்கிருந்து கேபிள் கார், இரண்டு கட்டமாக. மேலே சே ரூஜ், 2971 மீற்றர். மாமியின் மிக்சர் பாக்கெட் பலூன் மாதிரி ஊதிவிட்டது. என்ன கள்ளச் சரக்கோ என்று அவ பயந்து தூக்கி எறியப் பார்த்தா. இரண்டு சிகரத்துக்கு நடுவில் ஒரு தொங்குபாலம் கட்டியிருக்கிறார்கள், 107 மீற்றர் நீளம். அம்மா இந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டாள். நான் போனேன். நடுவில் நின்று கீழே பார்த்தேன். உனக்குப் பொய் சொல்லக்கூடாது, நடுங்கினேன்.

பனியில் நடக்க வந்தது எட்டுப் பேர்தான். வழிகாட்டி ஒரு பெண் பிள்ளை, வலே பக்கத்து ஆள், உன் வயது இருக்கும். சப்பாத்துக்குக் கீழே இரும்பு முள்ளைக் கட்டிவிட்டு, இடுப்புப் பட்டியில் கயிறு கொளுவினாள். எல்லோரும் ஒரே கயிறு. கயிறு தரையில் இழுபடக் கூடாது, அதிகம் இறுகவும் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். தளர விட்டால், முன்னால் போகிறவர் விழும்போது பின்னால் நிற்கிறவரும் சேர்ந்து இழுபட்டுவிடுவாராம். ஐஸ் ஒரே இடத்தில் நிற்கிற சாமான் இல்லை, தன் பாரத்தாலேயே கீழே நகர்ந்துகொண்டிருக்கும். அடியில் பாறை மேடாக இருக்கிற இடத்தில் வளைய முடியாமல் வெடிக்கும். அந்த வெடிப்பு வெறும் ஐஸில் கண்ணுக்குத் தெரியும், அதற்குப் பயப்படத் தேவையில்லை. மேலே புதுப் பனி மூடிவிட்டால்தான் ஆபத்து. நிலம் மாதிரி இருக்கும், கால் வைத்த பிறகுதான் தெரியும். நீ படம் எடுத்தது வைகாசியில். வைகாசியில் அங்கே பனி மூடித்தானே இருந்திருக்கும்? அங்கேயும் எல்லைக் கயிறு தாண்டிப் போன ஆட்கள் வெடிப்புக்குள் விழுந்து செத்திருக்கிறார்கள் என்று தங்கச்சி வாசித்துச் சொன்னாள். வழிகாட்டியோடு போகிற பயணமும் அங்கே இருக்கிறதாமே. காசு பார்க்காதே. தனியாகப் போகாதே.

அந்தப் பிள்ளை அடிக்கடி நின்று ஒவ்வொருவரையும் கேட்டாள், குளிர்கிறதா, தலை சுற்றுகிறதா என்று. எல்லோரும் இல்லை என்றோம். எனக்குச் சுற்றியது. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள், சீனி போட்டு.

நாங்கள் நடந்த கிளெட்சருக்குப் பெயர் சான்ஃப்ளெரோன். பூ பூத்த வயல் என்று அர்த்தமாம். முன்னொரு காலத்தில் புல்வெளியாக இருந்ததாம், பிறகு பேய்கள் வந்து குடியேறிப் பாழாக்கியதாம். அந்தப் பக்கத்துக்குப் பெயரே லே டியாப்ளரே, பேய்களின் இடம். கரையில் தனியாக ஒரு பாறை கோபுரம் மாதிரி நிற்கிறது, பேய்கள் கல் எறிந்து விளையாடுகிற இலக்கு அது. அது வரைக்கும் நடந்தோம். வடிவான இடம், மறுக்கவில்லை. ஐஸுக்கு மேலே சின்னச் சின்ன வாய்க்கால் ஓடுகிறது, நம் தோட்டத்துக்கு இறைக்கிற தண்ணீர் மாதிரி. ஒரு இடத்தில் அது சுழன்று ஒரு ஓட்டைக்குள் விழுகிறது, சத்தம் கேட்கிறது, அடி தெரியவில்லை. 2012இல் பதினைந்து மீற்றர் ஐஸ் இருந்த கணவாயில் 2022இல் வெறும் கல் வெளியே வந்துவிட்டதாம், இரண்டாயிரம் வருஷத்தில் முதல்முறையாக. அந்த ஒரு வருஷத்தில் மட்டும் சுவிஸ் கிளெட்சர்கள் நூற்றுக்கு ஆறு பங்கு போய்விட்டதாம், அடுத்த வருஷம் இன்னும் நாலு. நீ அங்கே வருஷம் எழுதிய பலகைகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறாய், ஐஸ் எந்த வருஷம் எது வரைக்கும் இருந்தது என்று. அப்போதெல்லாம் நிறையக் கதைப்பாய். மருமகள் பின்னால் நின்று, போதும், மாமாவுக்கு நித்திரை வருகிறது என்று சிரிப்பா. அவவும் சுகம்தானே?

அந்தப் பாறையடியில் வைத்துத்தான் வழிகாட்டி ஒரு கதை சொன்னாள். அன்றிலிருந்து எனக்குச் சரியான நித்திரை இல்லை. 1942 ஆவணி 15, நம் மடுத்திருவிழா நாள். சவியேஸ் பக்கத்துச் சந்தோலின் கிராமத்திலிருந்து ஒரு புருசனும் பெண்சாதியும் மலைக்கு மேலே விட்டிருந்த மாடுகளைப் பார்க்கப் போனார்கள். அவர் சப்பாத்துத் தைக்கிறவர், அவ பள்ளிக்கூட ஆசிரியை. ஏழு பிள்ளைகள். திரும்பி வரவில்லை. ஊர் ஆட்கள் வெடிப்பு வெடிப்பாகத் தேடினார்கள், ஒன்றும் இல்லை. பிள்ளைகளை ஆளுக்கொரு வீட்டில் பிரித்து விட்டார்கள். 2017 ஆடி மாதம், கேபிள் கார் கம்பனி வேலையாள் ஒருவர் ஐஸ் உருகின இடத்தில் கறுப்பாக ஏதோ கிடக்கிறதே என்று கிட்டப் போயிருக்கிறார். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில். ஆணியடித்த சப்பாத்து, முதுகுப்பை, போத்தல், எல்லாம் அப்படியே. எழுபத்தைந்து வருஷம். அப்போது நாலு வயதாக இருந்த கடைசி மகளுக்கு 79. அவ தேடிக்கொண்டே இருந்தாவாம், மூன்று தரம் அந்த ஐஸின்மேல் ஏறியிருக்கிறா.

மற்றவர்கள் அடடா என்றுவிட்டு இடியப்பம் சாப்பிட்டார்கள். எனக்கு இறங்கவில்லை. அப்பாச்சி வாசல் லைற்றை அணைக்கவே விடமாட்டா, உனக்குத் தெரியும். 2004இல் நாம் ஊருக்குப் போனபோது மின்சாரம் ஏன் வீண் என்று நீ அணைத்துவிட்டாய், பதினாலு வயதில். அவ உன்னை ஏசவில்லை, எழுந்து போய்த் திரும்பப் போட்டா. சின்னச் சித்தப்பாவின் சப்பாத்தும் அந்த வாசலில்தான் கிடந்தது.

நான் உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. உனக்கு வேலை, சோலி. ஆனால் நீல நிறச் சரி விழுகிறது, பதில் வருவதில்லை. பதில் வந்தால் "எல்லாம் ஓகே அப்பா". உன் படிப்பைப் பற்றியும் வேலையைப் பற்றியும் இங்கே கோயிலில் நான் சொல்லாத ஆள் இல்லை. பாத்திரம் கழுவினவனின் மகன் கனடாவில் இஞ்சினியர் என்று நானே சொல்வேன், மற்றவர்கள் சொல்லுமுன். அப்படிப்பட்ட பிள்ளைக்குத் தாயோடு ஐந்து நிமிஷம் கதைக்க நேரமில்லை. சரி, விடு.

"எல்லாம் ஓகே" என்கிற அந்தக் குரல் எனக்குத் தெரியும், தம்பி. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன், கிளெட்சரைப் பற்றி அல்ல.

2002 மாசி, உன் ஆறாம் வகுப்பு ஸ்கீலாகர், பள்ளிக்கூடம் கூட்டிப்போகிற பனிச்சறுக்கு முகாம். காசு இல்லை என்று உனக்குச் சொன்னேன். ஆசிரியைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். நீ நடைவாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய், உள்சட்டையோடு. ஒரு கிழமை உன்னை யன்னல் பக்கம் போகவிடவில்லை, யாரும் பார்த்துவிடுவார்கள் என்று. நீ அழக்கூட இல்லை. காய்ச்சல்காரன் மாதிரியே படுத்திருந்தாய். பிறகு பள்ளிக்கூடம் போய், இப்போது சுகம் என்று நீயும் அதே குரலில் சொல்லியிருப்பாய்.

உனக்குத் தெரியாதது இது. காசு ஒரு தடையே இல்லை. முந்நூறு பிராங் எங்களுக்குப் பெரிய காசுதான், ஆனால் குறைந்த சம்பளக்காரர்களுக்குப் பள்ளிக்கூடம் பாதி தரும் என்று ஒரு படிவம் வந்திருந்தது. ஆசிரியை நல்லவ, நான் வெட்கப்படுவேன் என்று தெரிந்து உறையில் போட்டு ஒட்டித்தான் உன்னிடம் தந்துவிட்டா. சம்பளத்தை எழுதிக் கையெழுத்து வைத்தால் போதும். நான் அதைக் கிழித்தேன். என் சம்பளம் எவ்வளவு என்று ஒரு வெள்ளைக்காரிக்குத் தெரியக்கூடாது என்று நினைத்தேன். அம்மாவுக்கும் சொல்லவில்லை. இன்று காலைதான் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் தேத்தண்ணி போட்டுத் தந்தாள், சீனி போட மறந்துவிட்டாள்.

நன்றாக இல்லாவிட்டால் நன்றாக இல்லை என்று சொல்லலாம் என்பதை உனக்கு நான் காட்டித்தரவில்லை. சுகமாக இருந்த பிள்ளையைப் படுக்கவைத்துப் பழக்கினவன் நான்.

எழுத எழுத நீளமாகிறது. குளிர் தொடங்கிவிட்டதாம் அங்கே, கம்பளி மேசு போடு. மலைக்குப் போவதென்றால் போ, நான் மறிக்கவில்லை, இப்போது எனக்கும் விளங்குகிறது. தனியாக மட்டும் போகாதே. கூட வர ஒருவரும் இல்லாவிட்டால் கார்த்திகையில் நான் வருகிறேன். வேலையும் முடிந்துவிட்டது, பென்சன்காரனுக்கு என்ன சோலி. இரும்பு முள் கட்ட இப்போது தெரியும். நீ எங்கே இருந்தாலும் சரி, சின்ன அறை என்றாலும் சரி, எனக்கு நிலத்தில் பாய் போதும். 1985இல் ஆறு பேர் ஒரு அறையில் படுத்தவர்கள் நாங்கள்.

அம்மா பார்சலைத் திரும்பவும் கட்டிவைத்திருக்கிறாள். வடை பழசாகிவிட்டது, புதிதாகச் சுடுகிறாள். எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று எழுது. தூள் அரைக்கிலோ போதுமோ, ஒரு கிலோ வேணுமோ என்பதையும் எழுது.

அன்புடன்,
அப்பா